கர்ப்பிணிகளுக்கு விரல்நுனி ரத்தத்தில் சிபிலிஸ் பரிசோதனை: குமரி மாவட்டத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

துணை சுகாதார நிலையத்தில் பெயர் பதிந்து, கர்ப்பிணிப் பதிவு எண்ணான பிக்மி எண் வாங்கும்போதே கர்ப்பிணிக்கு ஒரு வரிசைப் பரிசோதனைகள் தொடங்கிவிடும். ஹீமோகுளோபின், ரத்த வகை, சர்க்கரை என்றால் யாரும் ஒன்றும் கேட்பதில்லை. சிபிலிஸ் என்ற பெயர் வந்தால் மட்டும் அறையில் பேச்சு நின்றுபோகும். கேட்க நினைத்ததை அங்கே கேட்காமல், வீட்டுக்கு வந்து பக்கத்து வீட்டு அக்காவிடம் கேட்கிறார்கள். கொல்லங்கோடு முதல் ஆரல்வாய்மொழி வரை கர்ப்பிணிகளும் அவர்கள் வீட்டாரும், சில சமயம் புதிதாக வேலைக்குச் சேர்ந்த செவிலியர்களும் கேட்கிற கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன்.

எனக்கு ஒரு தொந்தரவும் இல்லையே, பிறகு எதற்கு இந்தப் பரிசோதனை?

தொந்தரவு இல்லாததால்தான். சிபிலிஸ் உடலுறவு வழியாகத் தொற்றும் பால்வினை நோய், ட்ரெபொனிமா பாலிடம் என்ற பாக்டீரியாவால் வருகிறது. கிருமி உடம்பில் ஏறி சுமார் மூன்று வாரத்தில் ஒரு புண் வரும். வலிக்காது. பெண்களுக்கு அது உள்ளே, கண்ணில் படாத இடத்தில் வரலாம். ஒன்றும் செய்யாவிட்டாலும் மூன்று முதல் ஆறு வாரத்தில் தானாக ஆறிவிடும். அப்புறம் சிலருக்கு உள்ளங்கை, உள்ளங்காலில் சிவந்த தடிப்பு வரும், அதுவும் மறையும். வியர்க்குரு என்றோ, மீன் ஒத்துக்கொள்ளவில்லை என்றோ நினைத்து விட்டுவிடுவோம். அதன்பின் கிருமி வருடக்கணக்கில் சத்தமில்லாமல் உள்ளே கிடக்கும். அந்த நிலையில் இருக்கிற பெண்ணை எந்த மருத்துவரும் முகத்தைப் பார்த்தோ நாடி பிடித்தோ கண்டுபிடிக்க முடியாது. ரத்தம்தான் சொல்லும்.

என்னைச் சந்தேகப்பட்டுத்தான் எடுக்கிறார்களா?

இல்லை. ஆசிரியையோ, அண்டிப்பருப்பு (முந்திரி) ஆலையில் வேலை பார்க்கிறவரோ, மருத்துவரின் மனைவியோ, கர்ப்பிணி என்றால் எல்லாருக்கும் எடுக்கவேண்டும். ஆளைப் பார்த்து எடுத்தால் பாதிப்பேர் விட்டுப்போவார்கள் என்பது உலகம் முழுக்கக் கண்ட அனுபவம். கடற்கரை ஊர்க்காரர்களுக்கும் ரப்பர் தோட்டத்தில் வேலை செய்யும் வடநாட்டுக்காரர்களுக்கும்தான் இது வரும் என்று நம்மூரில் ஒரு பேச்சு உண்டு. அந்தப் பேச்சு தப்பு. அதைவிட மோசம், “நமக்கு வராது” என்று மற்றவர்களைத் தூங்கவைக்கிறது.

வயிற்றில் இருக்கிற பிள்ளைக்கு என்ன ஆகும்?

கிருமி நஞ்சுக்கொடி வழியாகக் குழந்தைக்குப் போகும். நோய் புதிதாகத் தொற்றிய தாயிடமிருந்து போகும் வாய்ப்பு மிக அதிகம், பழைய தொற்று என்றால் குறைவு, ஆனால் இல்லாமல் போவதில்லை. சிகிச்சை எடுக்காத தாய்மார்களில் பாதிக்கு மேற்பட்டோருக்குக் கர்ப்பம் ஏதோ ஒருவகையில் கெடுகிறது. கரு கலைவது, வயிற்றிலேயே இறப்பது, குறைமாதம், எடை குறைவு, பிறந்த சில நாளில் இறப்பு, அல்லது நோயோடு பிறப்பது. 2022-ல் உலக அளவில் சுமார் 11 லட்சம் கர்ப்பிணிகளுக்கு சிபிலிஸ் இருந்தது என்றும், அதனால் 3,90,000-க்கு மேற்பட்ட கர்ப்பங்கள் இப்படிக் கெட்டன என்றும் உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டிருக்கிறது.

நோயோடு பிறக்கும் குழந்தைகளில் பலரும் பிறந்தவுடன் பார்க்க நன்றாகவே இருப்பார்கள். சில வாரம் கழித்து மூக்கொழுகல் நிற்காது, உள்ளங்கை, பாதத்தில் தோல் உரியும், மஞ்சள் காமாலை இறங்காது, கல்லீரல் வீங்கும், கையையோ காலையோ அசைக்காமல் வைத்திருக்கும். அப்போதும் கவனிக்காமல் விட்டால் வளர்ந்தபின் காது கேளாமை, கண் பார்வைக் கோளாறு, பல்லும் எலும்பும் வளைவது என்று தொடரும். இத்தனையையும் தாய்க்கு நேரத்தோடு போடுகிற பென்சிலின் ஊசி தடுத்துவிடும்.

எத்தனையாவது மாதத்தில் எடுக்கவேண்டும்?

முதல் முறை போகும்போதே. மாதவிடாய் தள்ளிப்போய் உறுதியான உடனே போனால் இன்னும் நல்லது. “அஞ்சாம் மாசம் ஆகட்டும், எல்லாருக்கும் சொன்னபிறகு போவோம்” என்று காத்திருப்பது நம் வீடுகளில் வழக்கம். இந்த நோய் அதுவரை காத்திருப்பதில்லை. மூன்று மாதம் முடிவதற்குள் கண்டுபிடித்து ஊசி போட்டால் குழந்தைக்கு ஏறக்குறைய முழுப் பாதுகாப்பு. பிரசவத்துக்குக் குறைந்தது 30 நாளுக்கு முன் முதல் ஊசி போட்டிருந்தால்தான் குழந்தைக்குப் போதுமான சிகிச்சை கிடைத்தது என்று மருத்துவர்கள் கணக்கில் எடுப்பார்கள். பிந்தி வந்தாலும் போடுவார்கள், போடவேண்டும். குழந்தையை மட்டும் கூடுதலாகக் கவனிக்கவேண்டிவரும்.

முதலில் நெகட்டிவ் வந்தவர்களிலும், தொற்று வாய்ப்பு அதிகம் உள்ளவர்களுக்குக் கடைசி மூன்று மாதத்தில் மறுபடி எடுக்கச் சொல்வார்கள். தொற்றிய புதிதில் ரத்தத்தில் எதிர்ப்பொருள் உருவாகச் சில வாரம் ஆகும், அதற்குள் எடுத்தால் விரல்நுனி ரத்தத்தைப் பார்க்கிற பரிசோதனைப் பட்டை காட்டாது. எங்கேயும் பதியாமல் நேரே வலியோடு வருகிறவர்களுக்குப் பிரசவ அறையிலேயே எடுக்கவேண்டும்.

எப்படி எடுக்கிறார்கள்? சிரிஞ்சில் ரத்தம் உறிஞ்சுவார்களா?

தேவையில்லை. விரல்நுனியில் ஒரு குத்து போதும். மேசையில் நடப்பது இதுதான். செவிலியர் முதலில் உறையின் மேல் உள்ள காலாவதித் தேதியைப் பார்ப்பார். அப்புறம்தான் அலுமினியத் தாள் உறையைக் கிழிப்பார். முன்கூட்டியே பத்து உறையைக் கிழித்து வரிசையாக வைத்துக்கொண்டால் வேலை ஓடும் என்று தோன்றும், ஆனால் பட்டை காற்றின் ஈரத்தைக் குடித்துக் கெட்டுப்போகும். ஜூன் மாதத்துச் சாரலில் குலசேகரம் பக்கம் சுவரே வேர்க்கும்போது பட்டை எம்மாத்திரம்.

“மக்களே, கையைத் தொங்கவிட்டு இரு” என்பார். மோதிர விரலை ஸ்பிரிட் பஞ்சால் துடைத்து, அது நன்றாக உலரும்வரை விடுவார். விரலின் நட்ட நடுவில் குத்தாமல் கொஞ்சம் ஓரமாகக் குத்துவார், அங்கே வலி குறைவு. முதல் சொட்டைத் துடைத்துவிட்டு இரண்டாவது சொட்டைச் சின்னக் குழாயில் எடுத்துப் பட்டையின் குழியில் விடுவார். மேலே பெட்டியோடு வந்த திரவத்தில் சில சொட்டு. விரலைப் பிழியக் கூடாது, பிழிந்தால் திசுநீர் கலந்துவிடும். பட்டையின் மேல் உங்கள் பெயரோ எண்ணோ எழுதவேண்டும். ஒரே மேசையில் நாலு பட்டை கிடக்கும்போது மாறிப்போகாமல் காப்பது அந்தப் பேனா எழுத்துதான். எழுதுகிறார்களா என்று நீங்களும் ஒரு கண் வைத்துக்கொள்ளலாம், தவறில்லை.

பிறகு காத்திருப்பு. பெரும்பாலான பட்டைகளுக்கு 15 முதல் 20 நிமிடம். எந்தப் பட்டைக்கு எவ்வளவு என்று அதன் பெட்டியிலேயே அச்சிட்டிருக்கும். அவசரப்பட்டு முன்னால் படித்தாலும் தப்பு, சாப்பிட்டுவிட்டு வந்து ஒரு மணி நேரம் கழித்துப் படித்தாலும் தப்பு.

புதிய செவிலியர்களுக்கு ஒரு வார்த்தை: பெரும்பாலான பெட்டிகள் 30 டிகிரி வரைதான் தாங்கும். மதிய வெயிலில் ஸ்கூட்டர் டிக்கியில் பெட்டியை வைத்துவிட்டு மூன்று வீடு ஏறி இறங்கினால் அதற்குள் சூடு எவ்வளவு இருக்கும் என்று கையை விட்டே தெரிந்துகொள்ளலாம்.

இரண்டு கோடு, ஒரு கோடு, மங்கலான கோடு... எதைப் பாசிட்டிவ் என்பது?

பட்டை சரியாக வேலை செய்கிறது என்று காட்டுவது கன்ட்ரோல் கோடு. அது மட்டும் வந்தால் நெகட்டிவ். அதோடு பரிசோதனைக் கோடும் வந்தால் பாசிட்டிவ். கன்ட்ரோல் கோடே வராவிட்டால் அந்தப் பட்டை செல்லாது, வேறு பட்டையில் மறுபடி செய்யவேண்டும். மங்கலாக வந்த கோடும் கோடுதான். “லேசாத்தானே இருக்கு, இல்லைன்னு போட்டுடுவோம்” என்று இரக்கப்பட்டு எழுதினால் அந்த இரக்கம் குழந்தைக்கு உதவாது.

இப்போது பல இடங்களில் எச்.ஐ.வி.யையும் சிபிலிஸையும் ஒரே பட்டையில் பார்க்கிற இரட்டைப் பரிசோதனை வந்திருக்கிறது. அதில் கன்ட்ரோல் கோடு தவிர இரண்டு பரிசோதனைக் கோடுகள் இருக்கும். எது எதற்கு என்று பெட்டியைப் பார்த்து உறுதிசெய்துவிட்டே வாய் திறக்கவேண்டும். எச்.ஐ.வி. கோடு வந்தால் அது முடிவல்ல, எச்.ஐ.வி. ஆலோசனை, பரிசோதனைக்கான நம்பிக்கை மையத்தில் மேலும் பரிசோதனைகள் செய்துதான் உறுதிசெய்வார்கள்.

எங்கள் அம்மா காலத்தில் வி.டி.ஆர்.எல். என்று எடுத்தார்களே, அதுதானா இது?

அதன் வேலையில் ஒரு பாதியைத்தான் இது செய்கிறது. வி.டி.ஆர்.எல்., அதன் தம்பியான ஆர்.பி.ஆர். என்ற இரண்டு ரத்தப் பரிசோதனைகளும் நோய் இப்போது எவ்வளவு சுறுசுறுப்பாக இருக்கிறது என்று அளவோடு சொல்லும். 1:4, 1:32 என்று எழுதித் தருவார்கள், பின்னால் உள்ள எண் பெரிதானால் அளவு அதிகம். சிகிச்சைக்குப் பிறகு அந்த அளவு இறங்கும். ஆனால் அதற்கு ஆய்வுக்கூடம், ரத்தத்தைச் சுழற்றிப் பிரிக்கும் இயந்திரம், குளிர்ப்பெட்டி, மின்சாரம், பயிற்சி பெற்ற ஆள் எல்லாம் வேண்டும். கர்ப்பம், முடக்குவாதம் போன்ற காரணங்களால் சிலருக்குப் பொய்யாகவும் பாசிட்டிவ் காட்டும்.

விரைவுப் பட்டை அந்தக் கிருமிக்கென்றே உடம்பு உருவாக்கிய எதிர்ப்பொருளைப் பிடிக்கிறது. மேசையும் வெளிச்சமும் இருந்தால் போதும். அதன் குறை, பழையதையும் புதியதையும் பிரித்துச் சொல்லத் தெரியாது. பத்து வருடத்துக்கு முன் வந்து முழுதாகக் குணமானவருக்கும் அநேகமாகப் பாசிட்டிவ்தான் காட்டும். அதனால் பட்டையில் பாசிட்டிவ் வந்தவருக்கு ஆர்.பி.ஆர். பரிசோதனைக்கும் ரத்தம் எடுக்கவேண்டும்.

அப்படியானால் ஆர்.பி.ஆர். முடிவு வரட்டும், பிறகு ஊசி போடலாம் அல்லவா?

இந்தப் பக்கத்திலேயே முக்கியமான கேள்வி இதுதான் என்பேன். கர்ப்பிணிக்குக் காத்திருக்கக் கூடாது. பட்டையில் பாசிட்டிவ் வந்த அன்றே முதல் ஊசி, அதே நாளில் ஆர்.பி.ஆர்.க்கு ரத்தம். உலக சுகாதார நிறுவனம் 2017-ல் வெளியிட்ட வழிகாட்டுதல், கர்ப்பிணி திரும்ப வருவது உறுதியில்லாத இடங்களில் இந்த முறையைத்தான் சொல்கிறது.

காரணம் எளிது. “வெள்ளிக்கிழமை ரிசல்ட் வரும், அப்ப வாங்க” என்று அனுப்பினால் என்ன நடக்கும் என்று நமக்குத் தெரியும். வெள்ளிக்கிழமை மழை. அடுத்த வாரம் ஊர்க் கோயில் கொடை, அல்லது தேவாலயத் திருவிழா. அதற்கடுத்த வாரம் மூத்த பிள்ளைக்குக் காய்ச்சல். அதற்குள் அவள் தாய்வீட்டுக்குப் போய்விட்டாள். ரிசல்ட் தாள் மட்டும் மேசை டிராயரில் கிடக்கும். பரிசோதனை எடுத்தவர்களின் எண்ணிக்கை பதிவேட்டில் அழகாக ஏறியிருக்கும், குழந்தைக்கு அதனால் ஒரு பலனும் இல்லை. விரைவுப் பரிசோதனையின் விரைவு அந்த இருபது நிமிடத்தில் இல்லை. முடிவும் மருந்தும் ஒரே நாளில் கிடைப்பதுதான் விரைவு. அது நடக்காவிட்டால் பழைய வி.டி.ஆர்.எல்.லுக்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை.

தேவையில்லாமல் ஊசி போட்டுவிட்டோமோ என்ற கவலை நியாயம்தான். பழைய நோய், ஏற்கெனவே குணமானவர் என்று பிறகு தெரியவந்தால், ஒரு பென்சிலின் ஊசி கூடுதலாகப் போட்டதாக ஆகும். குழந்தைக்குக் கெடுதல் இல்லை. மறுபக்கத் தட்டில் இருப்பது ஒரு உயிர்.

நடைமுறையில் ஒரு முடிச்சு உண்டு. துணை சுகாதார நிலையத்தில் பட்டை வைத்துப் பார்க்கலாம், பென்சிலின் ஊசி போட மருத்துவர் இருக்கும் இடம் வேண்டும். அதனால் பாசிட்டிவ் வந்தால் அன்றே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய்விடுங்கள். செவிலியர் முன்கூட்டியே போனில் சொல்லி, மருந்து கையிருப்பு இருக்கிறதா என்று கேட்டு, முடிந்தால் கூடவே போவது நல்லது. செவ்வாய்க்கிழமை கர்ப்பிணிகள் நாளில் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே பரிசோதனை எடுத்தால் இந்த அலைச்சலே இல்லை.

எத்தனை ஊசி? ரொம்ப வலிக்குமாமே?

பென்சதைன் பென்சிலின், ஒரு வேளைக்கு 24 லட்சம் யூனிட். 12 லட்சம் வீதம் இரண்டு புட்டத்திலும் ஆழமாகப் போடுவார்கள். நோய் தொற்றி எவ்வளவு காலம் என்று தெரிந்து, அது ஆரம்பக் கட்டம் என்றால் ஒரு வேளை போதும். நம்மிடம் வருகிறவர்களில் பலருக்கு எப்போது தொற்றியது என்றே தெரியாது, அப்படிப்பட்டவர்களுக்கு வாரம் ஒன்றாக மூன்று வாரம். நடுவில் ஒரு வாரம் விட்டுப்போனால் மறுபடி முதலிலிருந்து தொடங்கவேண்டிவரலாம். அதனால் காலண்டரில் மூன்று தேதியையும் வட்டம் போட்டுவையுங்கள்.

வலிக்குமா என்றால், வலிக்கும். பொய் சொல்ல வேண்டாம். பால் மாதிரி கெட்டியான மருந்து, மெதுவாக இறங்கும், மெல்லிய ஊசியில் அடைத்துக்கொள்ளும். மருத்துவர் அனுமதித்தால் மரத்துப்போகும் மருந்தில் கலந்து போடுவார்கள், வலி வெகுவாகக் குறையும். வாதக் காய்ச்சலில் இதயம் பாதித்த பிள்ளைகளுக்கு 21 நாளுக்கு ஒருமுறை போடுகிற ‘பெனிடியூர்’ ஊசியும் இதே மருந்துதான். சின்னப் பிள்ளைகள் வருடக்கணக்கில் தாங்குகிற ஊசி இது.

பென்சிலின் போட்டால் ஆள் விழுந்துவிடும் என்று பயமுறுத்துகிறார்களே?

ஒவ்வாமை உண்டு, ஆனால் உயிருக்கு ஆபத்தாகும் அளவு ஒவ்வாமை கர்ப்பிணிகளில் லட்சத்தில் ஓரிருவருக்கு வருவது. சொல்லப்போனால் இந்தப் பயம் நோயாளிகளைவிட ஊசி போடுகிறவர்களிடம்தான் அதிகம். போடாமல் தட்டிக்கழித்து மேல்நிலை மருத்துவமனைக்கு எழுதிக் கொடுத்துவிடுவதற்கு அதுவே பல நேரம் காரணம். முன்பு பென்சிலின், அமாக்சிலின் போட்டு உடம்பெல்லாம் தடித்ததா, மூச்சு முட்டியதா என்று கேட்கவேண்டும். தேவைப்பட்டால் தோலில் சோதித்துப் பார்ப்பார்கள். ஊசி போட்டபின் அரை மணி நேரம் அங்கேயே உட்காரவைக்கவேண்டும். கடும் ஒவ்வாமையை அடக்கும் அட்ரினலின் மருந்து பீரோவில் பூட்டியிருக்கக் கூடாது, மேசைமேல் தயாராக இருக்கவேண்டும். இவ்வளவு இருந்தால் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே போடலாம்.

ஊசிக்குப் பதில் மாத்திரை கிடையாதா?

கர்ப்பிணிக்குக் கிடையாது என்றே வைத்துக்கொள்ளுங்கள். டாக்ஸிசைக்ளின் கர்ப்பத்தில் ஆகாது. எரித்ரோமைசின், அசித்ரோமைசின் தாயைக் குணமாக்கினாலும் நஞ்சுக்கொடியைத் தாண்டிக் குழந்தைக்குச் சரியாகப் போவதில்லை. குழந்தையையும் சேர்த்துக் குணப்படுத்தும் என்று நிரூபணமானது பென்சிலின் ஒன்றுதான். உண்மையிலேயே கடுமையான ஒவ்வாமை உள்ளவரை ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை போன்ற பெரிய இடத்தில் சேர்த்து, சிறுகச் சிறுக மருந்து கொடுத்து உடம்பைப் பழக்கியபின் போடுவது பற்றி மருத்துவர்கள் முடிவுசெய்வார்கள். நாட்டு மருந்து, பச்சிலை இதற்கு உதவாது. வர்மமும் வைத்தியமும் கொடிகட்டிப் பறக்கிற மாவட்டம் நம்முடையது, அதற்குரிய மரியாதை அதற்கு உண்டு. இந்தக் கிருமி விஷயத்தில் மட்டும் அந்தப் பக்கம் போய் நாளைக் கடத்தாதீர்கள்.

ஊசி போட்ட ராத்திரி குளிர்காய்ச்சல் வந்துவிட்டது. மருந்து ஒத்துக்கொள்ளவில்லையா?

அநேகமாக அது ஒவ்வாமை இல்லை. கிருமிகள் மொத்தமாகச் சாகும்போது முதல் 24 மணி நேரத்தில் காய்ச்சல், நடுக்கம், தலைவலி வரலாம். பாராசிட்டமால் போதும், ஒரு நாளில் அடங்கும். ஆனால் ஐந்து மாதத்துக்கு மேல் ஆனவர்களுக்கு அப்போது வயிறு இறுகி வலித்தாலோ, பிள்ளை அசைவு குறைந்தாலோ வீட்டில் இருக்க வேண்டாம், 108-ஐக் கூப்பிடுங்கள். எதுவானாலும் அடுத்த வார ஊசியை நீங்களாக நிறுத்தாதீர்கள்.

வீட்டுக்காரருக்கும் சொல்லவேண்டுமா?

சொல்லித்தான் ஆகவேண்டும். அவருக்கும் பரிசோதனை, அவருக்கும் சிகிச்சை. உங்களுக்கு மட்டும் போட்டுக் குணமாக்கிவிட்டு அவரை விட்டுவிட்டால் மறுபடி தொற்றும். ஒருமுறை வந்துபோனால் இனி வராது என்கிற பாதுகாப்பு இந்த நோயில் இல்லை. இருவருக்கும் சிகிச்சை முடியும்வரை சேராமல் இருக்கவேண்டும், இயலாவிட்டால் ஆணுறை.

சொல்வது எப்படி என்பதுதான் கஷ்டம். தூத்தூர், வள்ளவிளை பக்கம் ஆழ்கடலில் தங்கி மீன்பிடிக்கப் போனவர் கொச்சியில் கரையேறி வீடு வர வாரக்கணக்கில் ஆகும். கல்ஃபில் இருப்பவர் வருடம் கழித்து வருவார். போனில் பாதி கேட்டுப் பாதி கேட்காமல் பேசி, சண்டையில் முடிவதைவிட, அவர் ஊர் வந்ததும் முதல் வேலையாக ஆலோசகரிடம் இருவருமாகப் போவது நல்லது. அரசு மருத்துவமனைகளில் நம்பிக்கை மையமும், பால்வினை நோய்ப் பிரிவும் இருக்கின்றன. அங்கே இருப்பவர்களுக்கு இதைப் பேசுவதுதான் வேலை. அடி உதை விழும் என்று பயம் இருந்தால் அதை முதலிலேயே செவிலியரிடம் சொல்லிவிடுங்கள், உங்களைத் தனியே விட்டுச் சொல்லவைக்க மாட்டார்கள். 1097 என்ற இலவச எண்ணிலும் பேசலாம்.

யாரிடமிருந்து யாருக்கு வந்தது என்று பட்டை சொல்லுமா?

சொல்லாது. எந்தப் பரிசோதனையும் சொல்லாது. கிருமி வருடக்கணக்கில் உள்ளே கிடக்கும் என்பதால் கல்யாணத்துக்கு முன்பே இருவரில் ஒருவருக்கு இருந்திருக்கலாம். மனைவிக்குக் கர்ப்பத்தில் பரிசோதனை நடப்பதால் அவளுக்கு முதலில் தெரிகிறது, அவ்வளவுதான். முதலில் தெரிந்தவளே முதலில் வாங்கியவள் என்று முடிவுகட்டுவது நம் வீடுகளில் சாதாரணமாக நடக்கிறது, அதற்கு ஒரு ஆதாரமும் கிடையாது. கழிப்பறை, சோப்பு, தட்டு, ஒரே கட்டிலில் தூங்குவது, இவற்றால் தொற்றாது என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்.

மாமி கூடவே வருவார்கள். அவர்களுக்கு முன்னால் சொல்லிவிடுவார்களா?

சொல்லக் கூடாது. முடிவு உங்களுடையது. “என்ன சிஸ்டர், எல்லாம் நல்லாயிருக்கா?” என்று மாமி கேட்டால், “ரத்தத்துல கொஞ்சம் கிருமி இருக்கு, ஊசி போட்டா சரியாயிரும்” என்று முடித்துவிடுகிற செவிலியர்களைப் பார்த்திருக்கிறேன். பொய்யும் இல்லை, ரகசியமும் உடையவில்லை. எடை பார்க்க, ரத்த அழுத்தம் பார்க்க என்று உங்களை உள்ளே தனியாகக் கூப்பிடுவது அதற்குத்தான். கர்ப்பிணி அட்டையின் மேல்பக்கத்தில், எல்லார் கண்ணிலும் படும்படி சிவப்பு மையில் நோயின் பெயரை எழுதுவதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். அடுத்த மருத்துவருக்குத் தெரிய வேண்டிய தகவலை உள்பக்கத்தில் ஆய்வக முடிவுகளோடு எழுதினால் போதும். எச்.ஐ.வி. முடிவைக் காப்பதற்கு 2017-ஆம் ஆண்டுச் சட்டமே இருக்கிறது.

ஏழாம் மாதம் தாய்வீட்டுக்குப் போகிறேன், கேரளத்தில் பாறசாலை பக்கம். மீதி ஊசி?

எல்லை தாண்டினாலும் மருந்து ஒன்றுதான். எந்தத் தேதியில் எத்தனை யூனிட் போட்டது, ஆர்.பி.ஆர். அளவு என்ன, அடுத்தது எப்போது என்ற மூன்றையும் தெளிவாக எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். போனில் படம் எடுத்தும் வையுங்கள். முடிந்தால் மூன்று ஊசியையும் இங்கேயே முடித்துவிட்டுக் கிளம்புங்கள், விருந்து இரண்டு வாரம் தள்ளிப்போனால் ஒன்றும் குறைந்துவிடாது. திருவனந்தபுரத்தில் பிரசவம் ஆனாலும் அங்கே உள்ள குழந்தை மருத்துவர் இந்தத் தாளைத்தான் முதலில் கேட்பார்.

மலைமேல் இருக்கிற காணிப் பழங்குடிகளின் குடியிருப்புகளுக்கு இது எட்டுமா?

பட்டை எட்டும், அதன் அருமையே அதுதான். பேச்சிப்பாறை அணையில் படகேறிப் போகவேண்டிய தச்சமலைக்கும் செவிலியரின் பையில் பெட்டி போய்விடும். சிக்கல் ஊசியில்தான் வரும். கர்ப்பிணியை அன்றே கீழே இறக்கவேண்டும், அடுத்த இரண்டு வாரமும் இறக்கவேண்டும். அதனால் மலைக்குப் போகிற முகாமில் மருத்துவரும் மருந்தும் கூடப் போகிற நாளாகப் பார்த்துப் பரிசோதனை வைப்பதே சரி. பட்டையை மட்டும் கொண்டுபோய் எண்ணிக்கை காட்டிவிட்டு வருவதில் எனக்கு உடன்பாடில்லை.

வெள்ளைப்படுதல் இருக்கிறது. இதுவும் சிபிலிஸா?

இல்லை. வெள்ளைப்படுதலுக்கு வேறு காரணங்கள் உண்டு, தனியாகக் காட்டுங்கள்.

சுகப்பிரசவம் ஆகுமா? பால் கொடுக்கலாமா?

இரண்டும் ஆம். சிபிலிஸுக்காக யாரும் வயிற்றைக் கிழிக்கத் தேவையில்லை. மார்பில் இந்த நோயின் புண் இருந்தால் தவிர பால் தாராளமாகக் கொடுக்கலாம்.

பிறந்த பிள்ளைக்கும் அந்தப் பட்டையில் பார்க்கலாமா?

பார்த்துப் பயனில்லை. தாயின் எதிர்ப்பொருள் குழந்தையின் ரத்தத்தில் ஒன்றரை வயதுவரைகூட இருக்கும், அதனால் நோயில்லாத குழந்தைக்கும் பாசிட்டிவ் காட்டும். குழந்தையை உடம்பு முழுக்கப் பரிசோதித்து, ஆர்.பி.ஆர். எடுத்துத் தாயின் அளவோடு ஒப்பிடுவார்கள். தாய்க்கு நேரத்தோடு சிகிச்சை முடிந்து குழந்தையும் நன்றாக இருந்தால் பெரும்பாலும் ஒரே ஊசியோடு விட்டுவிடுவார்கள். தாய்க்குச் சிகிச்சை இல்லை, பாதியில் விட்டுவிட்டார், அல்லது குழந்தையிடம் அறிகுறி தெரிகிறது என்றால் மருத்துவமனையில் வைத்துப் பத்து நாள் பென்சிலின். “பிள்ளை கொழுகொழுன்னு இருக்கே” என்று பத்து நாளை ஐந்தாகச் சுருக்கிக் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்துவிடாதீர்கள். பிறகு சில மாதங்களுக்கு ஒருமுறை ஆர்.பி.ஆர். பார்த்து, அளவு இறங்கி மறைகிறதா என்று கவனிப்பார்கள்.

போன முறை பிள்ளை இறந்து பிறந்தது. அப்போது யாரும் இதைப் பார்க்கவில்லை.

இந்த முறை முதல் நாளே சொல்லிக் கேட்டு எடுங்கள். வயிற்றில் குழந்தை இறந்ததற்குக் காரணங்கள் பல. ஆனால் இது, கண்டுபிடிக்கவும் தடுக்கவும் முடிகிற காரணம். அப்படி இழந்த தாய் யாராக இருந்தாலும் அவருக்கு சிபிலிஸ் பரிசோதனை செய்திருக்கவேண்டும். கண் பட்டது, இடி இடித்தது, கிரகணத்தன்று வெளியே போனாள் என்று ஊர் சொல்வதைக் கேட்டு மனதைப் புண்ணாக்கிக்கொள்ளாதீர்கள்.

இதையெல்லாம் உண்மையில் ஒழித்துவிட முடியுமா?

ஒழித்துக் காட்டியிருக்கிறார்கள். தாயிடமிருந்து குழந்தைக்கு எச்.ஐ.வி.யும் சிபிலிஸும் போவதைத் தடுத்துவிட்ட முதல் நாடு என்று 2015-ல் கியூபாவுக்கு உலக சுகாதார நிறுவனம் சான்று கொடுத்தது. 2019-ல் அதே சான்று நமக்கு எதிர்க்கரையான இலங்கைக்குக் கிடைத்தது. கர்ப்பிணிகளில் நூற்றுக்கு 95 பேராவது பரிசோதனை எடுத்திருக்கவேண்டும், பாசிட்டிவ் வந்தவர்களில் 95 பேராவது சிகிச்சை எடுத்திருக்கவேண்டும் என்பது அதற்கான அளவுகளில் சில. மருத்துவமனைப் பிரசவம் வழக்கமாகிவிட்ட குமரி போன்ற மாவட்டத்தில் முதல் எண்ணை எட்டுவது பெரிய காரியமில்லை. இரண்டாவது எண்தான் மருந்துக் கையிருப்பையும் மருத்துவரின் தைரியத்தையும் கேட்கிறது.

சிகிச்சை முடிந்தது. அடுத்த பிரசவத்துக்கும் இதே பட்டையா?

பட்டை மறுபடி பாசிட்டிவ்தான் காட்டும், அதைப் பார்த்து அதிர வேண்டாம். பழைய சிகிச்சைத் தாளையும் கடைசி ஆர்.பி.ஆர். அளவையும் கையோடு கொண்டுபோங்கள். புதிதாக ஆர்.பி.ஆர். எடுத்து அதோடு ஒப்பிடுவார்கள். பழைய அளவிலேயே அல்லது அதற்குக் கீழே இருந்து, இடையில் மறுபடி தொற்ற வாய்ப்பும் இல்லை என்றால் மருத்துவர் ஊசி வேண்டாம் என்று சொல்லலாம். 1:4 இருந்தது 1:16 ஆக, அதாவது நாலு மடங்காக ஏறியிருந்தால் புதுத் தொற்று என்று எடுத்துச் சிகிச்சை தொடங்குவார்கள். தாள் தொலைந்துவிட்டால் இந்தக் கணக்கு எதுவும் போட வழியில்லை, மூன்று ஊசியும் மறுபடி போடவேண்டியதுதான். ரேஷன் கார்டு, ஆதார் வைக்கிற பையிலேயே அதையும் வைத்துவிடுங்கள்.